பெரியவருக்கு ஏசி வைத்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டு சோபாவின் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. அதைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு, மேல்துணி தேர்ந்தெடுக்கப் போன கடையில் ஓசியில் கிடைத்த கதை இது.

குஷன்காரர் வாய்க்குள் எப்போதும் பத்துப் பன்னிரண்டு குட்டி ஆணிகள் இருக்கும். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலின் முனையில் ஒட்டி எடுத்து அடிப்பார். பேச்சு அந்த ஆணிகளின் இடுக்கு வழியாகத்தான் வெளியே வரும். ஆகவே அவர் சொன்னதில் கால்வாசி எனக்குப் புரியவில்லை. புரியாத கால்வாசியை நானே நிரப்பிக்கொண்டேன். எழுத்தாளனுக்கு வேறென்ன வேலை?

"போன வருஷம் எங்க பெரியவருக்கு ஏசி வச்சோம் சார். அதுல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன் பாருங்க…" என்று ஆரம்பித்தார்.

"அப்பாவுக்கா?" என்றேன்.

"அப்பா எங்க சார் இருக்காரு. வண்டி. பிக்கப் வண்டி. எங்க வீட்டுல அதுக்குப் பேரே பெரியவருதான்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆணிகளை விழுங்கிவிடப் போகிறாரே என்று எனக்குப் பயமாக இருந்தது. முழுக்கதையையும் ஒரு சோபாக் கையைத் தைத்து முடிக்கிற நேரத்தில் சொன்னார். நல்ல வேடிக்கைக் கதை. அப்படியே எழுதினால் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

2

தொடக்கத்துக்கு மூன்று தடவை முயன்றேன்.

'வெயில் அந்தத் தெருவின் மேல் கொதிக்கும் எண்ணெயாக —'

[நிறுத்திவிட்டேன். வெயிலில் ஆரம்பிக்கிற கதைகளை மட்டும் ஏற்றினால் ஒரு லாரி நிறையும். அதில் பாதி என்னுடையவை.]

'ஐம்பத்திரண்டு வயதில் அந்த வண்டிக்கு முதன்முதலாகக் குளிரெடுத்தது.'

[கெட்டிக்காரத்தனமாக இருந்தது. அதனாலேயே அடித்தேன். வண்டிக்குக் குளிராது.]

'அவள் போய் ஒரு வருடம் கழித்து, அவள் உட்கார்ந்து ஓட்டிய இருக்கைக்கு அவர் ஏசி வைத்தார்.'

இந்த மூன்றாவதில் நான் மயங்கிப்போனேன் என்பதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. நாலு பக்கம் கடகடவென்று ஓடிற்று. குஷன்காரர் காலியான இருக்கையைப் பார்த்து, "குளிருதாம்மா?" என்று கேட்பதாக எழுதி, எழுதிய கையோடு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பரிசு கிடைக்கும் என்றுகூடத் தோன்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் சோபா வந்து இறங்கியது. வாசலில் ஹாரன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், உருண்டை விளக்குகளோடு ஒரு பழைய பிக்கப். ஸ்டியரிங்குக்குப் பின்னால் குஷன்காரரின் மனைவி, நான் கதையில் கொன்றுபோட்ட அந்த அம்மாள், உட்கார்ந்து, "சார், கேட்டைக் கொஞ்சம் அகலமாத் திறங்க, கண்ணாடி இடிக்கும்" என்றார்.

நாலு பக்கத்தையும் அன்றைக்கே கிழித்தேன். ஒருவரைக் கொன்று பேர் வாங்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர் உயிரோடும் அதட்டலோடும் இருக்கிறார் என்பதில் எனக்கு என்னவோ பெரிய ஆறுதலாக இருந்தது. இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் கதையில் என்ன சுவாரசியம் என்று கேட்பவர்கள், கிழித்த பக்கங்களைக் குப்பையில் பொறுக்கிக்கொள்ளலாம்.

3

ஒரு சின்ன விளக்கம். நேரில் 'அம்மா' என்றும் 'நீங்க' என்றும் கூப்பிடுகிறவரைக் கதைக்குள் 'அவள்' என்று எழுதப்போகிறேன். கதைக்குள் கணவனும் மனைவியும் இருக்கும்போது இருவரையும் 'அவர்' என்றால், யார் சிரித்தது, யார் அழுதது என்று நீங்கள் குழம்புவீர்கள். அவரிடம் இதற்கு அனுமதி கேட்டேன். "என்னை எப்படி வேணா எழுதுங்க. வண்டியை மட்டும் அவன் இவன்னு எழுதாதீங்க" என்றார்.

அவள் அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி இருபத்தேழு வருடம் ஆகிறது. வாங்கும்போதே அது கிழம். குஷன்காரர் ஒரு சோபாவைக் கொண்டுபோக வாடகை வண்டி கூப்பிட்டார். நாலைந்து சோபாக்களுக்குப் பிறகு வண்டியோடு டிரைவரும் அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஒரே ஒரு தடவை கற்றுக்கொள்ளப் போய், தன் பட்டறைக் கதவுக்குள்ளேயே வண்டியின் மூக்கை விட்டார். அன்றிலிருந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிப்பதோடு சரி. அவர் தைப்பார், அவள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். குடும்பம் இந்த இரண்டு சக்கரத்தில்தான் ஓடியது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவளுடைய வலது கண் மங்கியது. கண்ணாடியில் யாரோ ஊதிவிட்ட மாதிரி என்றாள். சில நாளில் இடது பாதம் மரத்தது.

"நரம்பு மேல ஒரு உறை இருக்கும்மா. உங்களுக்கு அது அங்கங்க உரிஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா.

"ஒயர் மேல ரப்பர் உரியற மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப ஷார்ட் ஆகுமே டாக்டர்."

"ஆகும். உடம்பு சூடேறினா ஜாஸ்தி ஆகும். கண்ணு மங்கும். ஆறினா சரியாயிடும்."

என்னென்ன வரலாம் என்று டாக்டரம்மா ஒரு பட்டியலே சொன்னார். ஊசி குத்துவது, இறுக்கிக் கட்டினது மாதிரி இருப்பது, ஈரமே இல்லாமல் தோல் ஈரமானது போலத் தோன்றுவது. கடைசியாகச் சொன்னது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பட்டியலில் அதுதான் அவளுக்கு நன்றாக ஞாபகம் நின்றது.

மருந்து வேலை செய்தது. நோய் மேலே போகாமல் நின்றது. ஆனால் மூடின கேபினும், காலுக்குக் கீழே எஞ்சினும், மேலே தகரமுமாகப் பெரியவருக்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், கண் மங்கிவிடும். வண்டி ஒன்றரை வருடம் பட்டறை ஓரமாக நின்றது. சோபாக்கள் யார் யாருடைய வண்டியிலோ போயின. அவள் வாசலில் நின்று, அவர்கள் கயிறு கட்டுகிற லட்சணத்தைப் பார்த்து வயிறெரிவாள். பிறகு வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால்கூட இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்த்தாள் என்று குஷன்காரர் சொன்னார். இதைச் சொல்லும்போது மட்டும் வாயிலிருந்த ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

4

'ஏசியோடு புது வண்டி வாங்கினால் தீர்ந்தது' என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஊரே சொல்லியிருக்கிறது.

அவளிடம் ஒரு காரணம் இருந்தது. இடது பாதத்தில் உணர்வு பாதிதான் திரும்பியிருந்தது. புது வண்டிகளின் கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்கிறது; மிதித்தோமா இல்லையா என்று அவள் காலுக்குத் தெரியவில்லை. பெரியவரின் கிளட்ச் கல்லு மாதிரி. எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்பதை அவள் காலை நம்பாமல் காதாலேயே சொல்லிவிடுவாள்.

[இந்தக் காரணம் நிஜமா, அல்லது பாசத்துக்குக் கட்டிய சட்டையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டு பக்கம் அதை ஆராய்ந்து எழுதி, பிறகு நீக்கிவிட்டேன். பாசமாகவே இருந்தால்தான் என்ன?]

டாக்டரம்மா கண்ணைச் சோதித்து, காலைச் சோதித்து, நிபந்தனையோடு தலையசைத்தார். குளிர்ச்சியில் ஓட்டலாம், கொஞ்ச தூரம் ஓட்டலாம். கண் மங்கினால் அந்த நொடியே ஓரம் கட்ட வேண்டும். "உடம்புல புதுசா எது தெரிஞ்சாலும் சாவியைக் கீழ வச்சிட்டு நேரா இங்க வரணும். சரியா?" என்றார். சரி என்றாள்.

இப்போது ஐஸ் வருகிறார். வண்டிகளுக்கு ஏசி பொருத்துகிறவர். ஆளுக்குக் கோபமே வராது என்பதால் வந்த பட்டப்பேர் என்று ஒரு கட்சி. எதிரில் நிற்கிறவருக்கெல்லாம் ஐஸ் வைப்பார் என்று இன்னொரு கட்சி. பெரியவரின் பானெட்டைத் திறந்து பார்த்தபோது அவர் யாருக்கும் எதையும் வைக்கிற நிலையில் இல்லை.

"அக்கா, இவரு இந்த வயசுல நடமாடறதே பெரிசு. இவரு தலையில கம்ப்ரஸரை வேற ஏத்தணுங்கறீங்க. குருவி தலையில பனங்காய் வைக்கிற கதைதான்."

"தாங்குவாரு. நான் சொல்றேன்ல."

"அப்ப ரேடியேட்டரைப் பெரிசாக்கணும். டைனமோவைத் தூக்கிட்டு வேற போடணும். கம்ப்ரஸரைப் பிடிக்கறதுக்குத் தனியா ஒரு பிராக்கெட் பண்ணணும், இவரு எஞ்சினுக்குக் கடையில கிடைக்காது. டாஷ்போர்டை அறுத்து —"

"டாஷ்போர்டுல கை வச்சீங்க, உங்களை அறுத்துடுவேன்."

ஐஸ் குஷன்காரரைப் பார்த்தார். குஷன்காரர் வானத்தைப் பார்த்தார். கடைசியில், குளிர்க்காற்றுப் பெட்டியை டாஷ்போர்டுக்குக் கீழே நடுவில் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று.

"குளிரு வந்துடும்க்கா. ஆனா நிக்காது. இது கேபினா? சல்லடை. கதவைச் சுத்தி இடுக்கு, பெடலைச் சுத்தி இடுக்கு, தரையில கை நுழையற மாதிரி ஓட்டை. ஒரு ஓட்டை விடாம அடைச்சாத்தான் இந்த வேலைக்கு அர்த்தம். அது உங்க டிபார்ட்மென்ட்டுண்ணே" என்று குஷன்காரரின் தோளில் தட்டினார் ஐஸ்.

இத்தனை வருடமாக அந்த வண்டியில் வெறுமனே உட்கார்ந்து வந்த மனிதருக்கு, முதன்முதலாக அதில் ஒரு வேலை கிடைத்தது. "ஒரு ஓட்டை இருந்தா என் பேரை மாத்திக்கறேன்" என்றார்.

5

ஐஸ் தன் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு, குஷன்காரர் ஒன்பது நாள் வண்டிக்குள்ளேயே கிடந்தார். கடை சோபாக்கள் வரிசையில் நின்றன.

கதவுகளுக்குப் புது ரப்பர். கூரைக்கு உள்பக்கம் வெப்பம் தடுக்கிற தாள், அதன்மேல் ஃபோம், அதன்மேல் சாம்பல் நிற ரெக்ஸின்.* தரைக்கு முதலில் கம்பளிப் பட்டை, பிறகு கறுப்புக் கார்ப்பெட், எஞ்சின் சுவர்வரை வளைத்து ஏற்றி ஒரே துண்டாக. தையல் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, கீழேயிருந்து தெரிந்த ஒவ்வொரு ஓட்டையையும் ரப்பர் துண்டும் பசையும் வைத்து மூடினார். பல் டாக்டர் தோற்றார்.

* ரெக்ஸினுக்கு நான் 'மேகச் சாம்பல்' என்று எழுதியிருந்தேன். குஷன்காரர், "மேகமெல்லாம் இல்ல சார், எலி கலரு. கடையில அப்படித்தான் கேட்டு வாங்குவோம்" என்றார். எலி நிறம் என்று திருத்திக்கொள்ளவும்.

6

உச்சி மதியம். தெருவில் நாய்கூட இல்லை. அவள் வண்டியில் வைத்திருக்கும் கறுப்புக் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றி, நீல நிறக் குமிழைத் திருப்பினாள். பெரியவர் ஒரு தடவை குலுங்கினார். எஞ்சினின் குரல் கொஞ்சம் கனத்தது. பிறகு குளிர் வந்தது.

"லெஃப்ட்ல சைக்கிள்!" என்று குஷன்காரர் அலறினார்.

"ஏங்க கத்தறீங்க? இங்கதான இருக்கேன்."

அவருக்கே திடுக்கென்றது. ஜன்னல்களைத் திறந்துபோட்டு, காற்றுக்கும் எஞ்சினுக்கும் மேலே அத்தனை வருடமும் கத்திக் கத்தியே பேசியிருக்கிறார்கள். இப்போது மெதுவாகப் பேசினால் போதும். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. அவள் கடைப் பலகைகளை உரக்கப் படிக்கத் தொடங்கினாள். டயர் கடை. பல் மருத்துவர், மாடியில். கண்ணாடி, பிளைவுட். 'இங்கே நிறுத்தாதீர்கள்'. 'வீடு வாடகைக்கு', அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'தரகர்கள் வேண்டாம்'. நாற்பது நிமிஷம் வலது கண்ணால் ஊரையே படித்தாள். பொடி எழுத்தைப் படித்தபோது குஷன்காரர் தன் பக்கத்து ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்.

கதையை இங்கேயே முடித்துவிட எனக்கு ஆசை. ஒரு நல்ல மனிதர் இங்கே முடித்திருப்பார்.

7

[குஷன்காரர் சொன்ன கதையில் இந்தப் பகுதி கிடையாது. எங்கேயிருந்து வந்தது என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.]

ஐந்தாவது நாள், ஒரு நாற்காலி ஜோடியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, அவளுடைய இடது பாதம் ஈரமானது.

ஜில்லென்று, விரல்களுக்கு நடுவிலிருந்து ஆரம்பித்துக் குதிகால்வரை வந்தது. வெளியே மழை இல்லை. வண்டிக்குள் தண்ணீர் பாட்டில்கூட இல்லை. கார்ப்பெட் கறுப்பாக, காலையில் பார்த்தது போலவே இருந்தது. டாக்டரம்மாவின் குரல் ஞாபகம் வந்தது. ஈரமே இல்லாமல் ஈரமானது போல.

கிளட்சை மூன்று தடவை மிதித்துப் பார்த்தாள். கால் சொன்னபடி கேட்டது. கண் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்து, குனிந்து பார்க்காமலேயே ஷூவை இருக்கைக்கு அடியில் உதறிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். உள்ளே போனதும் பாதம் சரியாகிவிட்டது. வண்டியில் உட்கார்ந்தால் மட்டும் வருகிறது. நோய் தன்னை வேவு பார்த்துக்கொண்டிருந்து, திரும்பக் கிடைத்ததை மட்டும் குறிவைத்துப் பிடுங்குவதாக அவளுக்குத் தோன்றியது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

அவரிடம் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் போகவில்லை. அவரோ, வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, கேபினுக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, "ஒரு ஓட்டை காட்டுங்க பாப்போம்" என்று சவால் விட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடிவு செய்துவிட்டாள். நாளைக்கு ஒரு பெரிய சோபா போக வேண்டியிருக்கிறது. அவர் பக்கத்தில் வருவார். அதை இறக்கிவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்து, இனி ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிடுவது. காரணம் கேட்டால் அலுத்துவிட்டது என்பது.

8

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. டாக்டர் சொன்னதை மீறி மூன்று நாள் ஓட்டியிருக்கிறாள். தப்பு. அவள் தப்பு செய்யாதவளாக எழுதிப் பார்த்தேன்; பொம்மை மாதிரி ஆகிவிட்டாள். சரி, தப்பு அப்படியே இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். குனிந்து ஷூவைத் தொட்டுப் பார்த்திருக்கலாமே? ஒரு நொடி வேலைதானே?

இதை நான் அந்த அம்மாளிடமே கேட்டேன். என் சோபா வந்த அன்று குஷன்காரர் மாடியில் அதற்குக் கால் முடுக்கிக்கொண்டிருந்தார். நான் டீயை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்த கேபினில், பக்கத்து இருக்கையில் என்னை அந்த அம்மாள் உட்காரச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் சொன்னாரு" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, ஏழாவது பகுதியில் நீங்கள் படித்ததைச் சொன்னார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"தொட்டுப் பாத்திருக்கலாமேம்மா" என்றேன்.

"தொட்டுப் பாத்து, காஞ்சிருந்தா?"

நான் குனிந்து என் காலடியைப் பார்த்தேன்.

"தொடாத வரைக்கும் பாதிக்குப் பாதி சார். தொட்டுட்டா ஒண்ணுதான். அந்தப் பாதியை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல."

பிறகு, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "அவருக்கு இது தெரியாது" என்றார்.

"ஏன் சொல்லல?"

"அவரு பண்ணது இப்ப ஒரு தமாஷு. ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாரு. நான் மூணு நாள் என்ன நெனச்சுக்கிட்டிருந்தேன்னு தெரிஞ்சா, அப்புறம் அவரு அதைச் சொல்லவே மாட்டாரு சார். சிரிக்கவும் மாட்டாரு."

அவர் அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டியிருந்திருக்கும். சோபாவோடு சேர்த்து என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

9

பெரிய சோபா போன நாள். காலை பத்தரை இருக்கும். அவள் ஓட்டுகிறாள், அவர் பக்கத்தில். பாதம் கணுக்கால்வரை நனைந்திருந்தது. அவள் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். அலுத்துடுச்சுங்க. போதும்னு இருக்கு. வயசாகுதில்ல.

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஏதோ நாறுது" என்றார்.

"ஒண்ணும் நாறல."

"இல்லம்மா, எனக்குத் தெரியாதா? நனைஞ்ச கம்பளி வாசனை. மக்கின மெத்தையைப் பிரிச்சா வரும் பாரு, அது."

சிவப்பு விளக்கு விழுந்து வண்டி நின்றது. அவர் குனிந்தார். அவளுடைய காலுக்குப் பக்கத்தில், தன் கையால் தைத்த கார்ப்பெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சொத சொதவென்று சத்தம் கேட்டது.

"ஐயையோ, ஈரம்!"

அவள் திரும்பவில்லை. "என்னது?"

"ஈரம்மா. தண்ணி. குளமாட்டம் நிக்குது."

"உங்க கைக்குத் தெரியுதா?"

"என்ன கேள்வி இது? இந்தா பாரு."

கையை நீட்டினார். மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் வழிந்து சட்டைக்கைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது. நாற்றமெடுத்தது. அதைப் போல ஒன்றை அவள் வாழ்க்கையில் முகர்ந்ததில்லை.

பச்சை விழுந்தது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். மூச்சு முட்டுகிற வரை சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. குஷன்காரர் முதலில் அசடு வழிந்து, பிறகு கோபப்பட்டு, பிறகு அவரும் சேர்ந்துகொண்டார்.

"ஒம்போது நாள் வேலை போச்சேன்னு நான் நிக்கறேன், உனக்கு இளிப்பு" என்றார்.

"போகட்டும்ங்க. எல்லாம் போகட்டும்" என்றாள்.

ஐஸ் வந்து வண்டிக்கு அடியில் படுத்தார். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார். கோபமே வராத மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, தரையில ஒரு ரப்பர் குழாய் நுனி தொங்கிச்சே, அதை என்ன பண்ணீங்க?"

"அதுவா? எதுக்கோ மொட்டையாத் தொங்கிச்சு. வெட்டிட்டு, நல்லாப் பசை போட்டு அடைச்சுட்டேன்."

"ஏசி ஓடுனா தண்ணி ஊறும்ணே. அது வெளிய போற குழாய்ணே அது. எல்லா ஓட்டையையும் அடைக்கச் சொன்னேன், வாஸ்தவம். அவரு ஒண்ணுக்குப் போற ஓட்டையையுமா அடைப்பாங்க?"

வேறு ஒரு ஆளாக இருந்தால் அந்த அடைப்பு இரண்டே நாளில் பிய்த்துக்கொண்டு தண்ணீர் போயிருக்கும். அவர் அடைத்தது என்பதால் ஒரு சொட்டு போகவில்லை. பெட்டி நிரம்பி, கம்பளிக்கு அடியில் நாலு நாள் ஊறி, ஐந்தாம் நாள் மேலே வந்திருக்கிறது. இவ்வளவுதான் குஷன்காரர் எனக்குச் சொன்ன கதை. அவர் அதை ஐஸ் கேட்ட அந்தக் கேள்வியோடுதான் முடிப்பார். முடித்துவிட்டு, ஐஸைப் போலவே தலையில் கையை வைத்து நடித்துக் காட்டுவார்.

அவள் அன்றைக்குச் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

10

எழுதி முடித்ததும் தாள்களை அந்த அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேண்டாததை அடிச்சிடுங்க" என்றேன். பத்து நாள் வைத்திருந்தார்.

திரும்பி வந்த தாள்களில் பென்சில் கோடுகள். நான் ஒரு இடத்தில் கிளட்ச் என்பதற்குப் பதில் பிரேக் என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அவளை நான் 'தைரியசாலி' என்று புகழ்ந்திருந்த வாக்கியம் முழுவதும் அடிபட்டிருந்தது. ஏழாவது, எட்டாவது பகுதிகளில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஓரத்தில் மட்டும் எழுதியிருந்தார்: 'இதை முதலில் நான் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு போடுங்கள். அதுவரை வேண்டாம்.'

நான் தாள்களை மேசை இழுப்பறையில் வைத்தேன். சும்மா இருக்கவும் முடியவில்லை. அவள் எப்படிச் சொல்வாள் என்று எழுதிப் பார்த்தேன்.

'அவள் சொன்னாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அந்தத் தமாஷை அவர் யாரிடமும் —'

[இல்லை. அவள் பயந்தது இதற்குத்தான். அவள் பயந்ததையே நடக்கவிட எனக்கு மனமில்லை.]

'"எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார் அவர்.'

[கதைகளில் கணவர்களுக்கு எல்லாம் அப்பவே தெரிந்திருக்கும். இவருக்கு ரப்பர் குழாய் எதற்கு என்றே தெரியவில்லை.]

'அவள் கடைசிவரை சொல்லவேயில்லை —'

[சொல்லாவிட்டால் இந்தத் தாள்கள் இழுப்பறையிலேயே இருக்கும். ஒரு எழுத்தாளனாக எனக்கு இது ஒத்துவராது.]

ஏழு மாதம் ஆயிற்று. பத்திரிகையிலிருந்து இரண்டு தடவை கேட்டார்கள். சோபாவில் உட்கார்ந்தபடி ஏதேதோ சாக்குச் சொன்னேன். கேட்டுவிடலாமா என்று பட்டறைப் பக்கம் ஒரு நாள் போய், வாசல்வரை போய், திரும்பிவிட்டேன்.

போன வியாழக்கிழமை போன் வந்தது.

"போட்டுக்கலாம் சார்" என்றார் அந்த அம்மாள்.

"சொல்லிட்டீங்களா? என்ன சொன்னாரு?"

"போட்டுக்கலாம்" என்றார் மறுபடியும். குரலில் சிரிப்பு இருந்ததா, சளி இருந்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வைத்துவிட்டார்.

ஆகவே எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால் அவள் அவரிடம் சொல்லிவிட்டாள். அதை இனி யாராலும் மாற்ற முடியாது, என்னாலும்கூட. எங்கே வைத்துச் சொன்னாள், எந்த வார்த்தையில் ஆரம்பித்தாள், கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார், அல்லது எதுவும் சொல்லாமல் என்ன செய்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்த இடத்தில் நான் இல்லை. உங்களுக்கும் வீட்டில் ஒருவர் இருப்பார். அவரிடம் சொல்லாமல் வைத்திருக்கிற மூன்று நாள் உங்களிடமும் இருக்கும். என்னைவிட நீங்கள் சரியாக எழுதுவீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குஷன்காரரை ரொம்ப நேரம் அழவிடாதீர்கள். மூன்று மணிக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒரு கட்டிலைக் கொண்டுபோய் இறக்க வேண்டியிருக்கிறது.